ஒரே எண்ணில் இரண்டு லேப்

நான் எழுதிய சாஃப்ட்வேர் மதுரையிலும் சுற்றுப்பக்கத்து ஊர்களிலுமாக நாற்பது சொச்சம் ரத்தப் பரிசோதனை லேப்களில் ஓடுகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் லேப்கள் இல்லை. மெடிக்கல் ஷாப்பை ஒட்டி, இரண்டு நாற்காலி, ஒரு திரை, ஒரு ஃபிரிட்ஜ் என்று இருக்குமே, அந்த மாதிரி. காலையில் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களின் பெயர், வயது, முடிவு எல்லாவற்றையும் ஏற்றி ரிப்போர்ட் அச்சடிப்பதுதான் அதன் வேலை. ஆனையூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான் ஒருத்தியே எழுதினேன். இப்போதும் நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு லேபில் இதை முதன்முறை போடும்போது அந்தக் கம்ப்யூட்டருக்கென்று ஓர் அடையாள எண் உருவாகும். முப்பத்திரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒன்று. லேப்காரர்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ரிப்போர்ட்டைப் போனில் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த ஒரு ரிப்போர்ட் மட்டும் என் சர்வருக்கு வரும், அங்கிருந்து அவர்கள் போனுக்கு லிங்க் போகும். வந்தது எந்த லேபிலிருந்து என்று சர்வருக்குத் தெரிவது அந்த எண்ணை வைத்துத்தான். கூடவே அன்றைய சீட்டு நம்பர். காலையில் முதலில் வருகிறவர் ஒன்று, அடுத்தவர் இரண்டு. லேபின் எண், தேதி, சீட்டு நம்பர், இந்த மூன்றும் சேர்ந்தால் அது உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் குறிக்கும். அப்படித்தான் நான் நம்பினேன்.

முதலில் அந்த எண்ணை வேறு விதமாக உருவாக்கியிருந்தேன். கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கார்டு என்று ஒன்று இருக்கும், அதற்குக் கம்பெனியே போட்டு அனுப்பும் நம்பரை எடுத்து அதிலிருந்து செய்தேன். ஒவ்வொரு நாளும் சாஃப்ட்வேர் திறக்கும்போது அந்த நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். மாறியிருந்தால் திறக்காது. ஓர் ஐப்பசி மாதம் இடி விழுந்து பேரையூர் லேபில் கார்டு கருகிவிட்டது. வேறு கார்டு போட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு சாஃப்ட்வேர் 'இது வேறு கம்ப்யூட்டர்' என்று சொல்லிப் பூட்டிக்கொண்டது. சர்க்கரைக்காரர்கள் பதினைந்து பேர் சாப்பிடாமல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கிழவர் மயங்கிச் சாய்ந்துவிட்டார். லேப் ஓனர் போனில் கத்தினார். "ஏம்மா, ஓங்க பூட்டுக்கு நான் பதில் சொல்லணுமா, நோயாளிக்குப் பதில் சொல்லணுமா?"

அவர் கேட்டது நியாயம். அந்த வாரமே முறையை மாற்றினேன். மெஷினோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், குருட்டாம்போக்கில் ஒரு நீண்ட எண்ணை உருவாக்கி, ஒரு சின்னக் கோப்பில் எழுதி, அந்தக் கம்ப்யூட்டரிலேயே வைத்துவிடும். கார்டு கருகினாலும் என்ன மாறினாலும் எண் மாறாது. இரண்டு கம்ப்யூட்டருக்குத் தற்செயலாக ஒரே எண் விழுவதற்கு வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவரும் சரிபார்த்துவிட்டு, "இது ஒண்ணா விழுறதுக்குள்ள சூரியனே அணைஞ்சிரும்" என்றார். அந்தக் கணக்கில் தப்பில்லை. இன்றைக்கும் அது சரிதான்.

நான்கு வருடம் ஒரு குறையும் வரவில்லை.

அதன்பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேரையூர் லேபிலிருந்து போன். பேசியது அங்கே வேலை பார்க்கும் பெண். முப்பது வயது இருக்கும், ரத்தம் எடுப்பது, மெஷினில் வைப்பது, ரிப்போர்ட் அடிப்பது எல்லாம் அவள்தான். நேரில் நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன். வேலையில் சுத்தம். தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

"அக்கா, ஒரே சீட்டுக்கு ரெண்டு ரிசல்ட்டு காட்டுது. எங்க பேப்பர்ல நாலு புள்ளி ஆறு. போன்ல ஜீரோ புள்ளி ஒம்பது."

கிரியேட்டினின் பரிசோதனை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் எண். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. நாலரை என்றால் பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம்.

அவள் சொல்லச் சொல்ல விஷயம் விளங்கியது. பேரையூரை ஒட்டிய கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பம். அந்த வீட்டு அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், பத்து வருடமாகச் சர்க்கரை. கால் வீங்குகிறது என்று ரத்தம் கொடுத்திருக்கிறார். பஸ் பிடித்து மறுபடி வர முடியாது, போனில் அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் போனில் வந்தது ஜீரோ புள்ளி ஒன்பது. ஊர் டாக்டர் அதைப் பார்த்து, கிட்னி நன்றாக இருக்கிறது என்று சொல்லி, முட்டி வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வலி மாத்திரை. கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு அது ஆகாது. ஐந்து வாரம் வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். ஒருநாள் மூச்சு வாங்கி விழுந்தவரை மதுரை பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். அங்கே டாக்டர், "அஞ்சு வாரத்துல இப்படி ஆகாதே. அந்த லேப்ல போய் பேப்பர் வாங்கிட்டு வாங்க" என்று சொல்ல, கணவர் திரும்பி பேரையூருக்கு வந்திருக்கிறார். வாங்காமல் கிடந்த ரிப்போர்ட் கட்டிலிருந்து அந்தப் பெண் தேடி எடுத்துக் கொடுத்தது நாலு புள்ளி ஆறு.

நான் சர்வரில் அந்தச் சீட்டைத் திறந்தேன். பெயர் அந்த அம்மாவுடையது. முடிவு ஜீரோ புள்ளி ஒன்பது. கீழே ஒரு வரி: 'முடிவு ஒருமுறை மாற்றப்பட்டது, காலை 11.10.'

எனக்கு உடனே தோன்றியதைச் சொன்னேன். "நீ முதல்ல சரியா அடிச்சிட்டு அப்புறம் தப்பா மாத்தியிருப்பம்மா. எனக்கு இங்க காட்டுது. பதினொன்னு பத்துக்கு மாத்தியிருக்கு."

"நான் எதையும் மாத்தலக்கா."

"மாத்தாம எப்படி மாறும்?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஓனர் பக்கத்தில் நின்றிருந்தார். அந்த அம்மாவின் கணவரும் அங்கேயே நின்றிருக்கிறார். அவர் கத்தியது எனக்கே கேட்டது. "என் பொண்டாட்டிய கொன்னுட்டியே!" என்று கத்தினார். அப்புறம் போன் கட்டாகிவிட்டது. அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் ஓனர். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாராம்.

நான் சாப்பிட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். பாவம் என்று நினைத்தேன். தப்புச் செய்தவர்கள் எல்லாரும் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்தது நான்தான்.

வியாழக்கிழமை அவளே கூப்பிட்டாள். சொந்தப் போனிலிருந்து.

"அக்கா, ரெண்டு நிமிஷம் பேசலாமா? நீங்க பதினொன்னு பத்துக்கு மாத்துனதா சொன்னீங்கள்ல. அன்னைக்குப் பத்தரைல இருந்து பன்னெண்டு வரைக்கும் எங்க லேப்ல கரண்டே இல்லக்கா. இன்வெர்ட்டரும் ரிப்பேர்ல கெடந்துச்சு. கம்ப்யூட்டரே ஓடல. வேக்காடு தாங்காம நானும் நோயாளிகளோட வெளிய வேப்ப மரத்தடியிலதான் நின்னேன். தேதிய வச்சு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், அன்னைக்குத்தான்."

அவளிடம் லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பதிவை மறுபடி திறந்தேன். இந்தத் தடவை எந்த இன்டர்நெட் இணைப்பிலிருந்து வந்தது என்று பார்த்தேன். செவ்வாய்க்கிழமையே பார்த்திருக்க வேண்டியது. காலை பத்து மணிக்கு வந்த முடிவு நாலு புள்ளி ஆறு, பேரையூர் இணைப்பு. பதினொன்று பத்துக்கு வந்தது வேறு இணைப்பு. அது கோரிப்பாளையம் லேபுடையது.

இரண்டு லேபுக்கும் அடையாள எண் ஒன்றாக இருந்தது. முப்பத்திரண்டு எழுத்தும் அப்படியே.

"அக்கா, இருக்கீங்களா?" என்றாள் அவள்.

"இருக்கேன்மா. உன் மேல தப்பில்ல. என் மேலதான். நான் அப்புறம் கூப்பிடுறேன்."

"சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பக்கத்து லேப்களில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் பார்ப்பவர் ஒருவர்தான். பைக்கில் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார், நல்ல மனிதர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பேரையூர்ல ரெண்டு மாசம் முன்னால புது கம்ப்யூட்டர் போட்டீங்களே, என் சாஃப்ட்வேர எப்படிப் போட்டீங்கண்ணே?"

"எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணாப் போட்டா ஒரு நாள் முழுக்க ஆகும்மா. கோரிப்பாளையம் மெஷின் நல்லா ஓடிட்டு இருந்துச்சு. அந்த டிஸ்க்க அப்படியே காப்பி எடுத்து இதுல ஏத்திட்டேன். அவுக டேட்டாவ அழிச்சு, லேப் பேர மட்டும் மாத்துனேன். ஏன், எதும் தப்பா?"

"அப்படிப் பண்ணக் கூடாதுண்ணே."

"கூடாதுன்னு நீங்க யாரும் சொல்லலயேம்மா" என்றார். நான் சொல்லியிருக்கவில்லை.

தற்செயலாக ஒரே எண் விழாதுதான். ஆனால் உருவான எண்ணை நகல் எடுக்கலாம். டிஸ்க்கை நகலெடுத்தால் அதிலிருக்கும் கோப்பும் சேர்ந்து போகும், கோப்புக்குள் இருக்கும் எண்ணும் போகும். இரண்டு மாதமாகச் சர்வர் இரண்டு லேபையும் ஒரே லேப் என்று நினைத்துக்கொண்டிருந்தது. போனில் கேட்பவர்களின் ரிப்போர்ட் மட்டுமே சர்வருக்கு வரும் என்பதால், ஒரே நாளில் இரண்டு இடத்திலும் ஒரே சீட்டு நம்பர்காரர்கள் கேட்டால்தான் மோதும். அப்படி மோதும்போது பெயர் விவரம் முதலில் வந்தது நிற்கும், முடிவு கடைசியாக வந்தது நிற்கும். அதுவும் நான் எழுதியதுதான். பெயரை யாரும் மாற்றிவிடக் கூடாது என்று ஒன்று, முடிவைத் திருத்தினால் திருத்தியது தெரிய வேண்டும் என்று இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல எண்ணம்.

எண்ணை உருவாக்கும் அந்தப் பகுதியைத் திறந்து பார்த்தேன். நான்கு வருடம் முன்பு எழுதியது. மேலேயே எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்: 'டிஸ்க்கை யாராவது நகலெடுத்தால்? பிறகு பார்க்கணும்.'

அந்த வரியை நான் எழுதியதே எனக்கு நினைவில்லை. ஆனால் எழுதியது நான்தான். என்னைத் தவிர அதில் கை வைத்தவர்கள் யாருமில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் இனி வழியில்லை. நாற்காலியை விட்டு எழுந்து கொல்லைக்குப் போய்த் துணி காய்கிற கொடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

சாயங்காலத்துக்குள் பழைய பதிவுகள் முழுவதையும் தேடினேன். இப்படி மோதியவர்கள் ஏழு பேர். ஆறு பேருக்குச் சர்க்கரையிலும் ரத்த அளவிலும் சின்ன வித்தியாசம்தான். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, மறுபடி பரிசோதனை செய்யச் சொன்னேன். ஏழாவது அந்த அம்மா.

கோரிப்பாளையம் லேபை நடத்துகிற பாயிடம் நேரில் போய்ச் சொன்னேன். தர்கா பக்கத்துச் சந்தில் இருக்கிறது. அன்றைக்கு அந்த அம்மாவுக்கு விழுந்த அதே பதினாலாம் நம்பர் சீட்டைத் தேடிப் பார்த்தார். அங்கே ரத்தம் கொடுத்தவர் பேப்பரைக் கையில் வாங்கிப் போயிருக்கிறார், லிங்க்கைத் திறக்கவே இல்லை. "எங்காளுக்கு ஒண்ணுமில்ல, அல்ஹம்துலில்லா" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அந்த அம்மா வூட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல பாய். இனிமேதான்."

"நேர்ல போங்க. போன்ல சொல்ற சங்கதியில்ல."

பேரையூர் லேப் ஓனர் நேர் மாறாகச் சொன்னார். "எதுக்கு நீங்களாப் போய் மாட்டிக்கிறீங்க? டைப் அடிச்சதுல தப்புன்னு முடிஞ்சு போச்சு. இப்பப் போய் சாஃப்ட்வேர்னு சொன்னா கேஸு கீஸுன்னு இழுப்பாக. எனக்கும் பேர் கெடும், ஓங்களுக்கும் பொழப்புப் போயிரும்."

"அந்தப் பொண்ணு பேரு கெட்டுப் போச்சேண்ணே."

"அது வேற லேப் பாத்துக்கிரும்" என்றார்.

சொல்லாமல் விட்டால் என்ன என்று நானும் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். வெள்ளிக்கிழமை முழுக்க நினைத்தேன். வேலை போவதை விட, ஒரு வீட்டில் போய் நின்று அந்த வார்த்தைகளை வாயால் சொல்வதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. "சண்டே கோயிலுக்கு நான் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறேன். நீ போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார். நான் போவதாக அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

திருமங்கலத்தில் பஸ் மாறி, பேரையூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போனேன். இரண்டு பக்கமும் கரிசல் காடு, பருத்தி எடுத்து முடிந்து செடி காய்ந்து நின்றது. ஊருக்குள் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். 'கிட்னி போன வீடு' என்று ஒரு பையன் சொன்னான்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு மதுரைக்கு வந்து போக வேண்டும். கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. கழுத்தில் டயாலிசிஸ் குழாய் போட்ட இடத்தில் பெரிய பிளாஸ்திரி. கணவர் மக்காச்சோளத் தட்டையை அடுக்கிக்கொண்டிருந்தவர், யாரோ ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மதுரைல இருந்து வாரேன்ணே. அந்த லேப்ல ஓடுற சாஃப்ட்வேர் நான் எழுதுனது. ஒங்க போனுக்குத் தப்பான ரிப்போர்ட் வந்தது என்னாலதான். அந்தப் பொண்ணு சரியாத்தான் அடிச்சிருக்கு. ரெண்டு லேபுக்கு ஒரே நம்பர் விழுந்துபோச்சு. வேற ஒருத்தரோட ரிசல்ட்டு அக்கா பேர்ல வந்திருச்சு. அப்படி நடக்காமப் பாத்துக்க வேண்டியது என் வேல. நான் பாக்கல."

பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள்தான். அவர் என்னை அடிப்பார் என்றே நினைத்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தார். "அப்ப அந்தப் புள்ள மேல தப்பில்லயா?"

"இல்லண்ணே. ஒரு துளிகூட இல்ல."

"நான் அந்தப் புள்ளய வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே. ஓனர் முன்னால, சனம் முன்னால." தலையில் கை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "நாசமாப் போவன்னு சொல்லிட்டேனே."

அதற்கப்புறம்தான் கோபம் வந்தது அவருக்கு. எழுந்து நின்று கத்தினார். நீயெல்லாம் படிச்சவளா என்றார். நாலு வருசமா என்ன பண்ணுன என்றார். தெருவில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன். அவர் சொன்னதில் ஒன்றும் தவறில்லை.

கட்டிலிலிருந்து அந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பேசினால் அவருக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"அந்த நல்ல ரிப்போர்ட்டு யாருதும்மா?"

"வேற ஊர்ல ஒருத்தரோடதுக்கா. பேரு சொல்லக் கூடாது."

"அவுகளுக்கு என்னோடது போயிருச்சா? பயந்திருப்பாகளே."

"இல்லக்கா. அவர் பேப்பர்ல வாங்கிட்டாரு. அவருக்கு ஒண்ணுமில்ல."

"அதுவரைக்கும் நல்லதாப் போச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே, "அன்னைக்கே சரியா வந்திருந்தா எனக்கு இது வந்திருக்காதா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் பஸ்ஸில் பதில் தேடி வைத்திருக்கவில்லை. "தெரியலக்கா" என்றேன். அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் நானும் அவர்களோடு போய்க் கேட்டேன். "கிட்னி முன்னாலயே போயிருச்சு. அந்த மாத்திரை கொஞ்சம் வேகப்படுத்தியிருக்கும். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். சொல்ல முடியாது என்ற அந்த அளவு என்னோடு இருக்கிறது.

கணவர் மறுநாளே அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதை அவளே எனக்குச் சொன்னாள். நான் அவளைப் பார்க்கப் போனது அதற்கப்புறம்தான்; அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே இவளிடம் வந்திருக்க வேண்டும் என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. நடந்ததையெல்லாம் எழுதி நான் அனுப்பிய கடிதத்தை ஓனர் படித்துவிட்டு அவளை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். அவள் போகவில்லை. உசிலம்பட்டியில் வேறு லேபில் சேர்ந்துவிட்டாள்.

"நீங்க தப்பு பண்ணுனது எனக்குப் பெரிசாப் படலக்கா" என்றாள். "கம்ப்யூட்டர்னா வரத்தான் செய்யும். ஆனா நான் இல்லன்னு சொன்னேன். நீங்க ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. மெஷின் சொன்னா நெசம், நான் சொன்னா பொய்யி. அதுதான்க்கா." காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "குடிங்க, ஆறிப்போயிரும்."

அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

எண் உருவாகும் முறையை மறுபடி மாற்றினேன். இப்போதும் அந்த நீண்ட எண் இருக்கிறது. அதோடு அந்த மெஷினின் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் உரிய நம்பர்களையும் குறித்து வைக்கிறது. காலையில் திறக்கும்போது குறித்து வைத்ததையும் மெஷினில் இருப்பதையும் ஒத்துப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் பூட்டிக்கொள்ளாது, ரத்தம் எடுக்கலாம், பேப்பர் அடிக்கலாம். சர்வருக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டு, எனக்குச் செய்தி அனுப்பும். நான் லேபுக்குப் போன் செய்து, கார்டு மாறியதா, கம்ப்யூட்டரே மாறியதா என்று அங்கே இருக்கும் ஆளிடம் கேட்பேன். அவர்கள் சொன்ன பிறகுதான் பழைய எண் தொடரும், இல்லையென்றால் புது எண். நாற்பது லேபுக்கும் நானே நேரில் போய் இதைப் போட்டேன். இரண்டு மாதம் ஆயிற்று. போன இடத்திலெல்லாம் ஏன் வந்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். ஆறு லேப்கள் என் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டன. மற்றவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

கேஸ் எதுவும் வரவில்லை. அவர்கள் போட்டிருக்கலாம். அந்த அம்மா டயாலிசிஸுக்கு வரும் நாட்களில் முடிந்தபோதெல்லாம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். முதலில் அவர் கணவரான அந்த அண்ணன் என்னோடு பேசாமல் வெளியே போய் நின்றுகொள்வார். மெஷின் ஓடும் நாலு மணி நேரம் நான் அந்த அம்மாவோடு உட்கார்ந்திருப்பேன். மகள் கல்யாணமாகி திருப்பூரில் இருப்பது, மாட்டுக்குக் காணை நோய் வந்தது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் குறட்டை விடுவது என்று ஏதாவது பேசுவார். ரிப்போர்ட்டைப் பற்றி ஒருமுறைகூட மறுபடி பேசியதில்லை. நாலைந்து மாதம் கழித்து அண்ணன் டீ வாங்கி வரும்போது மூன்றாக வாங்கி வந்தார்.

ஒரு வருடமும் சில மாதங்களும் இருந்தார் அந்த அம்மா. ஒரு சித்திரை மாதக் காலையில் அண்ணனின் போன் வந்தது. "போயிருச்சும்மா" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். யார் இந்தப் பொம்பளை என்று பார்த்தார்கள். மாலையை வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றேன். திருப்பூரிலிருந்து வந்திருந்த மகள் அழுது ஓய்ந்து, என்னைப் பார்த்து, "இவுக யாருப்பா?" என்று கேட்டாள். அவளிடம் எதுவும் சொல்லப்படவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். அங்கேயே, அத்தனை பேர் முன்னால், அவர் உண்மையைச் சொல்லிவிட்டாலும் சரிதான் என்று நின்றேன்.

"மதுரைல இருந்து வந்திருக்காகம்மா" என்றார். "ஆஸ்பத்திரியில அம்மாகூட ஒக்காந்திருப்பாக."

பிறகு பந்தல்காரனைப் பார்த்து, எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார்.